முதலில் வலியைத் தீருங்கள்: பங்குத்தந்தையருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பங்குத்தந்தையருக்கும், நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்வரும் அருள்சகோதரிகள், மரியாயின் சேனையினர், பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களின் பொறுப்பாளர்கள் அனைவருக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

பிப்ரவரி 11 உலக நோயாளர் தினம். அன்று பல பங்குகளில் முதியவர்களையும் நோயாளிகளையும் ஆட்டோவில் அழைத்துவந்து திருப்பலி வைத்து, எண்ணெய் பூசி நோயில்பூசுதல் அருட்சாதனம் கொடுத்து, பழமும் பிரட்டும் தந்து அனுப்புகிறீர்கள். மனம் நிறைகிற காரியம். ஆனால் ஆட்டோவில் ஏறக்கூட முடியாமல் கட்டிலோடு கிடப்பவர்களைப் பற்றித்தான் இந்த மடல். புற்றுநோய் எலும்பில் இறங்கியவர்கள், பக்கவாதத்தில் பேச்சு நின்றவர்கள், சிறுநீரகம் கைவிட்டவர்கள். முதல் வெள்ளி நற்கருணை கொண்டுபோகும்போது அவர்களில் யாராவது ஒருவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருப்பார்: "சாமி, தாங்க முடியல. ஒரு ஊசியப் போட்டு என்னை அனுப்பிடச் சொல்லுங்க."

அந்தக் கேள்விக்கு நம்மில் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான். "அப்படிச் சொல்லாதீங்கம்மா, பாவம். ஆண்டவர் பட்ட பாட்டை நினைச்சுப் பாருங்க." திருச்சபையின் போதனைப்படி இதில் பிழையில்லை. ஆனால் அந்த அம்மா அடுத்த மாதம் உங்களிடம் "நல்லா இருக்கேன் சாமி" என்றுதான் சொல்வார். வலி அப்படியே இருக்கும், உங்களிடம் அதைச் சொல்லும் வாசல் மட்டும் அடைபட்டிருக்கும்.

கருணைக்கொலை கூடாது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே கிடையாது. உயிர் நமக்குத் தரப்பட்டது, அதை எடுக்கும் உரிமை மருத்துவருக்கும் இல்லை, பெற்ற பிள்ளைக்கும் இல்லை, நோயாளிக்கும் இல்லை. ஆனால் "கூடாது" என்று சொல்லும் வாய்க்கு ஒரு கடன் இருக்கிறது. அந்த மனிதர் ஏன் சாக விரும்புகிறார் என்று கேட்டு, அந்தக் காரணத்தைத் தீர்க்க ஆள் அனுப்பும் கடன் அது.

எனவே முதலில் கேளுங்கள்: "எதைம்மா தாங்க முடியல?" கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு பகல் ஏழு இரவு பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. நீங்கள் பொறுத்திருந்தால் பதில் வரும். ராத்திரி இரண்டு மணிக்கு இடுப்பெலும்பில் குத்துகிறது என்பார் ஒருவர். புண் நாறுகிறது, பேரப்பிள்ளைகள் வாசலோடு நின்றுவிடுகிறார்கள் என்பார் இன்னொருவர். மகன் வட்டிக்கு வாங்குகிறான், நான் போனால் அவன் பிழைப்பான் என்பதும் வரும். எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடும் வேண்டாம், ஜெபமும் வரவில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கக்கூடும். அதற்கு மருந்து உண்டு. விசுவாசக் குறைவு என்று அதைத் தள்ளிவிட வேண்டாம். இவை வேறு வேறு நோவுகள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு உதவி வேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சாவதற்கு மருந்து கேட்பவர்கள் சொல்லும் காரணங்களிலும் வலி முதலிடத்தில் இல்லை. தன் வாழ்க்கை தன் கையில் இல்லை என்பதும், பிடித்ததைச் செய்ய முடியவில்லை என்பதும்தான் அங்கே முன்னால் நிற்கின்றன.

ஆனாலும் வலியிலிருந்துதான் தொடங்க வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும்போது மனிதரால் வேறு எதையும் நினைக்க முடியாது, கடவுளையும் சேர்த்துத்தான்.

மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டதும் நம் மக்கள் பயப்படுகிறார்கள். கடைசி மருந்து, போதை மருந்து, கொடுத்தால் ஆள் சீக்கிரம் போய்விடுவார் என்ற பேச்சு இருக்கிறது. குருக்களிடமும் இந்தப் பயம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். இந்தியாவிலேயே மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் உரிமத்தோடு விளையும் அபினிலிருந்து எடுக்கப்படும், விலை குறைந்த மருந்து இது. மருத்துவர் பெரும்பாலும் 5 மில்லிகிராமில் தொடங்குவார். வயது முதிர்ந்தவர், சிறுநீரகம் தளர்ந்தவர் என்றால் அதிலும் பாதி. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. காலை 6, 10, மதியம் 2, மாலை 6 என்று கொடுத்து, இரவு 10 மணிக்கு இரட்டிப்பு அளவு கொடுத்தால் விடியும்வரை தூங்கலாம். வலி வந்த பிறகு விழுங்கும் மாத்திரை இல்லை இது, வலி வருவதற்கு முன்பே கடிகாரம் பார்த்துக் கொடுப்பது. இடையில் வலி குத்தினால் கூடுதலாக ஒரு வேளை கொடுக்கவும் மருத்துவர் எழுதித்தருவார். அளவு போதவில்லை என்றால் படிப்படியாகக் கூட்டுவார்.

வீட்டில் எங்கே தவறுகிறது? வலி கொஞ்சம் குறைந்ததும் "இப்பத்தான் நல்லாயிருக்கே" என்று நிறுத்திவிடுகிறார்கள், இரவில் வலி இரண்டு மடங்காகத் திரும்புகிறது. மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். அதற்குப் பிசகோடில், சென்னா போன்ற மலமிளக்கியை முதல் நாளே சேர்க்காவிட்டால், ஐந்தாம் நாள் வயிறு உப்பி, பழி மார்ஃபின்மேல் விழும். முதல் சில நாள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கலாம், பிறகு சரியாகிவிடும். தூக்கம் நாளுக்கு நாள் கூடினாலோ, கைகால் வெட்டிவெட்டி இழுத்தாலோ, பேச்சு குழம்பினாலோ உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அளவு கூடிவிட்டது அல்லது சிறுநீரகம் மருந்தை வெளியேற்றவில்லை என்பதன் அடையாளம் அது. இப்படிப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் மார்ஃபின் ஆளைக் கொல்வதில்லை. நரம்பு வலிக்கு வேறு மருந்து வேண்டும். எலும்பில் பரவிய புற்றுக்கு 8 கிரே அளவில் ஒரே ஒரு முறை கதிர்வீச்சு கொடுத்தாலும் பலருக்கு வலி இறங்குகிறது.

திருச்சபை இதை என்றைக்கோ ஏற்றுக்கொண்டது. 1957 பிப்ரவரி 24 அன்று திருத்தந்தை 12-ஆம் பயஸ் மயக்க மருத்துவர்களிடம் பேசியபோதே, வலியைத் தணிக்கும் மருந்தால் ஆயுள் ஒருவேளை குறையக்கூடும் என்றாலும், சாவை நோக்கமாகக் கொள்ளாதவரை கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏட்டின் 2279-ஆம் எண்ணும் இதையே சொல்கிறது. ஆண்டவரே சிலுவையடியில் வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசத்தை மறுத்தாரே என்று சிலர் கேட்பதுண்டு. மறுத்தவர் அவர், தமக்காக மறுத்தார். பிறர் வலியைக் கண்ட இடத்தில் எல்லாம் அதைத் தீர்த்துக்கொண்டே போனவரும் அவர்தான். கெத்சமனியில் அந்தக் கிண்ணத்தை அகற்றும்படி தந்தையிடம் கேட்கவும் செய்தார். தமக்கு வரும் வலியைத் தாமே விரும்பி ஏற்கும் நோயாளியின் முடிவை மதிப்போம். ஆனால் அடுத்தவர் வலியை அவருக்காக நாம் ஒப்புக்கொடுத்துவிட முடியாது.

இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பிடிக்கும். வேளை தவறாமல் மார்ஃபின் கொடுக்கும் முறையை ஆங்கிலேய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் 1958 முதல் செய்து காட்டியது லண்டன் ஹாக்னியில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய புனித யோசேப்பு இல்லத்தில். 1967-ல் அவர் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் இல்லம்தான் இன்று உலகம் முழுவதும் நடக்கும் பாலியேட்டிவ் கேருக்கு, அதாவது கடும் நோயில் வலியையும் வேதனையையும் தணிக்கும் பராமரிப்புக்கு, முன்மாதிரி. ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசம் கொண்ட அவர் கருணைக்கொலையைக் கடைசிவரை எதிர்த்தார். வாதாடி எதிர்த்ததோடு நிற்காமல், வலியில்லாமல் சாக முடியும் என்று செய்து காட்டி எதிர்த்தார்.

அடுத்து, நள்ளிரவில் உங்களுக்கு வரும் தொலைபேசி. "ஃபாதர், அப்பாவுக்கு வென்டிலேட்டர் போடணுமாம். வேண்டாம்னு சொன்னா பாவமா?" இதற்கு "எல்லாம் செய்யுங்க, ஆண்டவர் பார்த்துப்பார்" என்று சொல்லிவிடுவது எளிது. அந்தச் சொல்லை நம்பி வீட்டை அடமானம் வைத்தவர்கள் இருக்கிறார்கள். மறைக்கல்வி ஏடு 2278 தெளிவாகச் சொல்கிறது: கிடைக்கும் பலனுக்குப் பொருந்தாத, பெரும் சுமையான சிகிச்சையை நிறுத்துவது முறையானதே. அங்கே யாரும் சாவை வருவிக்கவில்லை. தடுக்க முடியாததை ஏற்றுக்கொள்கிறோம், அவ்வளவுதான். திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுல் 2005-ல் தம் கடைசி நாட்களில் ரோமின் ஜெமெல்லி மருத்துவமனைக்குத் திரும்பப் போகவில்லை. ஏப்ரல் 2 அன்று தம் அறையிலேயே, ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவில் இறந்தார்.

ஆகவே அந்த மகனிடம் மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள்: இந்தக் கருவி நோயைத் திருப்புமா, அல்லது சாவைத் தள்ளிப்போடுமா? எத்தனை நாள் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்? அப்பாவுக்கு இதனால் என்ன வேதனை? அப்பாவுக்கு நினைவு இருந்தால் என்ன சொல்வார்? நிமோனியாவில் மூச்சுத் திணறும் நாற்பது வயதுக்காரருக்கு வென்டிலேட்டர் உயிர்காக்கும் கருவி. உடல் முழுதும் பரவிய புற்றுநோயில் கடைசி வாரத்தில் இருப்பவருக்கு அதே கருவி தொண்டையில் குழாய் மட்டுமே.

உணவும் நீரும் வேறு விஷயம். இதில் நாம் கவனமாகப் பேச வேண்டும். நினைவு திரும்பாமல் கிடப்பவருக்குக் குழாய் வழி கொடுக்கும் உணவும்கூட மருத்துவச் சிகிச்சையைவிட அடிப்படைப் பராமரிப்பு என்றே கருதப்பட வேண்டும் என்று 2004-ல் யோவான் பவுல் போதித்தார். அதை நிறுத்துவது பட்டினியால் சாகவிடுவது. ஆனால் இறந்துகொண்டிருக்கும் உடல் உணவை ஏற்காத கட்டம் ஒன்று உண்டு. அப்போது ஊட்டினால் நுரையீரலுக்குள்தான் போகும், ஊற்றினால் கைகால் வீங்கும். பசியால் அவர் சாகவில்லை, சாவு நெருங்குவதால் பசிக்கவில்லை என்று மகளுக்கு எடுத்துச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஊசி போட்டுக் கொல்வது இந்தியாவில் குற்றம். உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்த 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் வழி சொன்னது, 2023 ஜனவரி 24 அன்று அதை எளிதாக்கியது. நினைவோடு இருக்கும்போதே ஒருவர் தம் விருப்பத்தை எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெறலாம். இதைத்தான் லிவிங் வில் என்கிறார்கள். நிறுத்தும் கட்டம் வரும்போது, சிகிச்சை தரும் மருத்துவரோடு ஐந்தாண்டு அனுபவமுள்ள இரு வல்லுநர்கள் சேர்ந்த குழு ஒன்று பார்க்கும், பிறகு மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவர் ஒருவர் உள்ள இரண்டாம் குழு பார்க்கும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். எழுதிவைக்காதவர் விஷயத்தில் குடும்பத்தாரின் சம்மதத்தோடு இதே குழுக்கள் முடிவெடுக்கும். லிவிங் வில் எழுதுவதாலேயே ஒரு கத்தோலிக்கர் கருணைக்கொலைக்குச் சம்மதித்ததாகாது. அதில் என்ன எழுதுகிறார் என்பதுதான் கேள்வி. உணவும் நீரும் உடல் ஏற்கும்வரை வேண்டும், வலிக்கு மருந்து வேண்டும், நோயில்பூசுதல் வேண்டும் என்று எழுதலாம். எழுத உதவுங்கள்.

இந்த வழி தெரியாததால் நடப்பது என்ன? பணம் தீர்ந்ததும் "மருத்துவர் சொல்லுக்கு மாறாகக் கூட்டிப்போகிறோம்" என்று கையெழுத்துப் போட்டு, ஆம்புலன்சில் பையை அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுத்தபடி ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். வீட்டு வாசலில் அதை எடுத்துவிடுகிறார்கள். மூச்சுத் திணறலுக்கு ஒரு சொட்டு மருந்து இல்லை. நோயாளி திணறிச் சாகிறார், மகன் "நான்தான் கொன்னுட்டேன்" என்று காலமெல்லாம் சுமக்கிறான். ஒப்புரவு அருட்சாதனத்தில் வந்து அழுவதும் உங்களிடம்தான்.

தலைக்கூத்தலைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. விருதுநகர், மதுரை, தேனிப் பக்கங்களில் படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய்க் குளியலும் இளநீருமாக "அனுப்பிவைக்கும்" வழக்கம் 2010-ல் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. அது கொலைதான். முதியவரின் சம்மதத்தை அங்கே பலநேரம் யாரும் கேட்பதும் இல்லை. மறையுரையில் கண்டியுங்கள். கண்டித்த கையோடு, ஆறு மாதமாக இரவில் தூங்காத மருமகளுக்கு வாரம் ஒரு இரவு தூங்க வழி செய்யுங்கள். அன்பியத்தில் இரண்டு பேர் முறைவைத்துப் போய் உட்கார்ந்தால் போதும். மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர்கள், 1973-ல் தாக்கப்பட்டு நினைவிழந்த தங்கள் சக செவிலியர் அருணா ஷான்பாக்கை 2015 மே மாதம் அவர் இறக்கும்வரை, தலைமுறை மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு உணவை நிறுத்தக் கேட்ட மனுவை 2011-ல் உச்ச நீதிமன்றம் ஏற்காததில் அவர்கள் பராமரிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

நோயாளியின் அருகில் போகும்போது சில விஷயங்கள். வாய் வறண்டு நாக்கில் வெள்ளை படிந்திருந்தால் பேச முடியாது, நற்கருணையும் தொண்டையில் இறங்காது. சுத்தமான துணியை விரலில் சுற்றி, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கன்னத்தின் உள்பக்கம், ஈறு, நாக்கு என்று மெதுவாகத் துடைத்து, உதட்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டால் முகமே மாறும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பிப் படுக்கவைத்தால் படுக்கைப்புண்ணைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். நாறும் புற்றுப்புண்ணில் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவச் செவிலியர் கற்றுத்தருவார். சில நாளில் நாற்றம் அடங்கும், பேரப்பிள்ளைகள் உள்ளே வருவார்கள். நற்கருணை கொடுக்கும்போது நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு துணுக்கை ஒரு கரண்டித் தண்ணீரோடு கொடுங்கள். அதுவும் முடியாதவருக்குத் திருஇரத்தத்தின் ஒரு துளி கொடுக்கத் திருச்சபை அனுமதிக்கிறது. கடைசி நேரத்தில் வாயில் பால் ஊற்றுவதையும், வேளாங்கண்ணி, லூர்து தீர்த்தம் ஊற்றுவதையும் அன்போடு தடுங்கள். விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாயில் போகும். உதட்டை நனைத்தால் போதும். கடைசி நாளில் தொண்டையில் கர்கர் என்று சளி இழுக்கும் சத்தம் கேட்பவரைத்தான் அதிகம் வதைக்கிறது. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் பெரும்பாலும் தணியும், அதற்கு ஊசி மருந்தும் உண்டு.

நோயில்பூசுதலை இன்னும் நம் மக்கள் "அவஸ்தை" என்றே சொல்கிறார்கள். சாமியார் எண்ணெயோடு வந்தால் ஆள் போய்விடுவார் என்று, நினைவு தப்பும்வரை உங்களைக் கூப்பிடுவதில்லை. 1972-லேயே ஆறாம் பவுல் சடங்கைச் சீர்திருத்தியும் இந்தப் பயம் போகவில்லை. நோய் கடுமையாகும்போதே கொடுங்கள், மோசமானால் மறுபடியும் கொடுங்கள். "ஆமென்" என்று அவரே சொல்லட்டும்.

துன்பத்தின் பொருளைப் பற்றிப் பேச இப்போதுதான் இடம் கிடைக்கிறது. தூங்கி எழுந்து, வாய் நனைந்து, நாற்றம் அடங்கிய மனிதர் தானே பேச ஆரம்பிப்பார். பங்காளிச் சண்டையில் இருபது வருடமாகப் பேசாத தம்பியைப் பார்க்க வேண்டும் என்பார். எழுதாமல் விட்ட பத்திரத்தை எழுதுவார். "நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்றும் கேட்பார். பிறவியிலேயே பார்வையற்றவரைக் குறித்து அதே கேள்வியைச் சீடர்கள் கேட்டபோது, இவர் செய்த பாவமும் அல்ல, இவருடைய பெற்றோர் செய்த பாவமும் அல்ல என்று ஆண்டவர் சொன்ன பதிலை அப்போது சொல்லுங்கள். தம் பாடுகளைப் பிறருக்காகத் தாங்குவதாகப் பவுல் கொலோசையருக்கு எழுதினார். அதை எழுதியது துன்பப்பட்டவரே. சுட்டுக் காயப்படுத்தப்பட்டு மூன்றாண்டுக்குள், 1984 பிப்ரவரி 11 அன்று துன்பத்தைப் பற்றித் திருத்தூது மடல் எழுதிய யோவான் பவுலும் அதை நல்ல சமாரியரில் கொண்டுவந்துதான் முடித்தார். துன்பப்படுகிறவர் தம் துன்பத்தால் நன்மை செய்யலாம், பார்க்கிறவர் அவருக்கு நன்மை செய்தாக வேண்டும். முதல் பாதியைக் கட்டிலில் இருப்பவர் சொல்லட்டும். நம் வேலை இரண்டாம் பாதி.

அவருக்கு ஒரு வேலையும் கொடுங்கள். அவருக்காக ஜெபித்துவிட்டு எழுந்து வராமல், பங்கில் தேர்வு எழுதும் பிள்ளைகள், பிரசவத்துக்கு இருக்கும் பெண்கள், கடலுக்குப் போனவர்கள் என்று பெயர் எழுதிய ஒரு தாளைத் தலையணைக்கடியில் வைத்து, "இந்த வாரம் இவங்களுக்காக ஒப்புக்கொடுங்க. அடுத்த வாரம் வந்து கேட்பேன்" என்று சொல்லுங்கள். மறக்காமல் போய்க் கேளுங்கள். பாரமாக இருக்கிறேன் என்ற எண்ணம் தளர நாங்கள் அறிந்த நல்ல மருந்து இது.

இவ்வளவையும் ஒரு பங்கு தனியே செய்ய வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பாலியேட்டிவ் கேர் செவிலியர் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு அவர் எண்ணை அன்பியப் பொறுப்பாளர்களிடம் கொடுத்துவையுங்கள். மறைமாவட்ட மருத்துவமனைகளை நடத்தும் சபைத் தலைவியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் மருந்தகத்தில் மார்ஃபின் மாத்திரை இருக்கிறதா? முன்பு இதற்குப் பல துறைகளின் பல உரிமங்கள் வேண்டியிருந்தது. 2014-ல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பயிற்சி பெற்ற மருத்துவர் இருந்தால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் ஒன்றே போதும். சிலுவை பொறித்த மருத்துவமனையில் அந்த மாத்திரை இல்லாமல் இருப்பது எங்களுக்கு வேதனையாக இருக்கிறது.

பிப்ரவரி 11-க்கு முந்தின ஞாயிறு, திருப்பலி அறிவிப்புகளின்போது, ஒவ்வொரு அன்பியத்திலும் கட்டிலோடு இருப்பவர்களின் பெயரை எழுதித்தரச் சொல்லுங்கள். பெயருக்குப் பக்கத்தில் மூன்று கேள்விகள்: ராத்திரி தூங்குகிறாரா? வலிக்கு என்ன மருந்து, எத்தனை மணிக்கு? பார்த்துக்கொள்பவர் யார், அவர் கடைசியாக எப்போது ஓய்வெடுத்தார்? பதில்களோடு பட்டியலைச் செவிலியரிடம் சேர்த்துவிடுங்கள். எண்ணெயோடு நீங்கள் போகும் அன்று நாங்கள் மருந்தோடு கூட வருகிறோம்.

கிறிஸ்துவில் அன்புடன்,
வீடுகளில் பாலியேட்டிவ் கேர் பணி செய்யும் கத்தோலிக்கச் செவிலியர், மருத்துவர், தன்னார்வலர்